நாற்பத்தொரு பள்ளிகளும் ஓர் அரை மார்க்கும்

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மாடிப்படி முடிகிற இடத்தில், இரும்பு அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேஜை. அதன் பின்னால் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று சம்பளப் பதிவேட்டில் இருக்கத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள்தான் இல்லை. எல்லாருக்கும் அவள் பட்டியலம்மா. மாவட்டத்தின் நாற்பத்தொரு தொடக்கப் பள்ளிகளில் எது முதல், எது கடைசி என்று வருடா வருடம் கணக்குப் போட்டு, கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறவள் அவள்தான்.

பட்டியல் ஒட்டுகிற நாள் அலுவலகத்தில் ஒரே அமர்க்களமாக இருக்கும். முதல் மூன்று இடத்துக்காரர்கள் பதினொரு மணிக்குச் சாவகாசமாக வந்து, ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். கடைசி மூன்று இடத்துக்காரர்கள் காவலாளி கதவைத் திறந்ததும் நுழைந்து, யார் கண்ணிலும் படாமல் பார்த்துவிட்டு நழுவிவிடுவார்கள். நடுவில் இருக்கிறவர்கள்தான் நிம்மதியான பிறவிகள். பதினேழோ இருபத்தொன்றோ, அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான்.

கணக்கில் பட்டியலம்மா புலி. கால்குலேட்டரில் ஒரு தடவை, கையால் ஒரு தடவை, மறுநாள் காலையில் கீழிருந்து மேலாக ஒரு தடவை என்று மூன்று முறை கூட்டுவாள். "என் கூட்டல்ல ஒரு தப்பு காட்டுங்க, பேரை மாத்தி வெச்சுக்கறேன்" என்பாள். "அதை நாங்க எப்பவோ மாத்திட்டோமே" என்று பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பார். இத்தனை வருடத்தில் ஒருவரும் ஒரு தப்பும் காட்டியதில்லை. தப்பு கூட்டலில் இல்லாததுதான் அதற்குக் காரணம்.

அது எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய காதல் கதையைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐந்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்த அனுப்புவது ஒரு பெரிய தலைவலி. ஒரு பள்ளியின் தாள்களை அதே பள்ளி ஆசிரியர் திருத்தக் கூடாது. அதனால் இந்தக் கோடியில் இருக்கிற தாள்கட்டை அந்தக் கோடிக்கும், அந்தக் கோடியில் இருப்பதை இங்கேயும் அலுவலக ஜீப்பில் ஏற்றி இறக்குவார்கள். ஜீப் ஓட்டுநர் அப்போது ஒல்லியாக, சுருட்டை முடியோடு, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பேர்வழி. தேர்வு முடிந்தால் பத்து நாள் மனிதர் வீடு போய்ச் சேருவதே சந்தேகம். மாலை நாலு மணித் தேநீருக்கு அவர் வராத அந்தப் பத்து நாளும் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குத் தேநீர் கசந்தது.

அவள் வரைபடத்தை எடுத்து வைத்து யோசித்தாள். பள்ளிகளின் வரிசை எண்கள் சாலை போகிற வழியிலேயே போட்டிருந்தன. ஒன்றாம் எண் பள்ளியின் கட்டு இரண்டாம் எண்ணுக்கு, இரண்டின் கட்டு மூன்றுக்கு, கடைசியில் நாற்பத்தொன்றின் கட்டு ஒன்றுக்கு. அங்கங்கே ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஒருவரே முழுக் கட்டையும் திருத்துவார். ஜீப் ஒரே சுற்று சுற்றினால் போதும். ஒரு வாசலில் கட்டை எடுத்து அடுத்த வாசலில் கொடுத்துக்கொண்டே வந்துவிடலாம். பத்து நாள் வேலை இரண்டு நாளில் முடிந்தது. அப்போதைய அதிகாரி அவளைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். அந்த ஏற்பாட்டுக்கு 'சங்கிலி' என்று பெயரும் வைத்தார். ஓட்டுநர் மாடிப்படி ஏறி வந்து, "இது யார் வேலைன்னு கேட்டேன், நீங்கன்னாங்க" என்று சொல்லிவிட்டு நாலு மணித் தேநீருக்கு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை வருடத்தில் கல்யாணம் நடந்தது.

அவர்களுக்கு இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு மகள். வாய் கொஞ்சம் நீளம். தெருக்கோடியில் இருக்கிற இருபத்து மூன்றாம் எண் பள்ளியில் அவளைச் சேர்த்திருந்தார்கள். சேர்த்தபோது அது நடுவாந்திரமாக இருந்த பள்ளிதான். மறு வருடப் பட்டியலில் தடாலென்று கடைசிக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. "பட்டியல் போடற அம்மாவே பொண்ணைக் கடைசிப் பள்ளிக்கூடத்துல வெச்சிருக்காங்க" என்று அலுவலகத்தில் காதுபடவே பேசினார்கள். பட்டியலம்மாவுக்கு அது முள்ளாகக் குத்தியது. ஆனால் மகளோ அந்தப் பள்ளியை விட்டு வேறெங்கும் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

இந்த வருடமும் இருபத்து மூன்றுதான் கடைசி. பட்டியலை ஒட்டிய மறுநாள் அதிகாரி அவளை அறைக்கு அழைத்தார். இவர் புதியவர். வந்து எட்டு மாதம் ஆகிறது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிற மனிதர்.

"தொடர்ந்து மூணு வருஷம் கடைசியா வர்ற பள்ளிக்கூடத்தை மூடிட்டு, பக்கத்துல இருக்கறதோட சேர்க்கணும்னு இந்த வருஷம் புதுசா விதி வந்திருக்கு. இருபத்து மூணுக்கு இது மூணாவது வருஷம். இந்த மாசக் கடைசில கோப்பு மேல போகணும். கூடவே இத்தனை வருஷப் பட்டியலையும் வெச்சு அனுப்புங்க" என்றார்.

பக்கத்துப் பள்ளி என்றால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். லாரிகள் சர்சர்ரென்று பறக்கிற சாலை. அந்தத் தெருவில் இருக்கிற தொண்ணூறு பிள்ளைகளும் அதைத்தான் தினம் இரண்டு தடவை தாண்ட வேண்டும். தாண்ட மாட்டார்கள், பாதிப் பேர் வீட்டிலேயே நின்றுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

பதினோரு பட்டியல்களையும் அலமாரியிலிருந்து எடுத்தாள். மேஜை போதவில்லை. தரையில் வரிசையாக விரித்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பட்டியலும் அவள் பெற்ற பிள்ளை மாதிரி. ஆனால் பிள்ளைகளை ஒன்றாக நிற்க வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். முதல் மூன்று வருடம் கடைசி இடம் வெவ்வேறு பள்ளிகளுக்குப் போயிருந்தது. அடுத்த ஐந்து வருடம் பதினோராம் எண் பள்ளியே கடைசி. அதற்கடுத்த வருடம் பதினொன்று விருட்டென்று பதினாறாம் இடத்துக்கு ஏறிவிட்டது. அதற்காக அந்தத் தலைமை ஆசிரியருக்குக் கேடயமெல்லாம் கொடுத்தார்கள். கைதட்டியவர்களில் பட்டியலம்மாவும் ஒருத்தி. சரியாக அதே வருடம்தான் இருபத்து மூன்று கடைசிக்கு விழுந்திருந்தது.

ஒரு பள்ளி ஒரே வருடத்தில் அறிவாளியாவதும், இன்னொன்று அதே வருடத்தில் முட்டாளாவதும் எப்படி என்று தலையைப் பிய்த்துக்கொண்டாள். பதினொன்றின் கட்டு பன்னிரண்டுக்குப் போகும். இருபத்து மூன்றின் கட்டு இருபத்து நாலுக்குப் போகும். பன்னிரண்டிலிருந்து இருபத்து நாலுக்கு யாராவது போனார்களா? எழுந்துபோய் மாறுதல் பதிவேட்டைப் புரட்டினாள். போயிருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால், பன்னிரண்டில் ஐந்து வருடம் இருந்துவிட்டு, ஒரே ஒரு ஆள். அரை மார்க் சார்.

அவரைத் தெரியாதவர்கள் மாவட்டத்தில் கிடையாது. ஐம்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை, சட்டைப்பையில் இரண்டு சிவப்புப் பேனா. ஒன்று தீர்ந்துவிட்டால் வேலை நிற்கக் கூடாதே என்று இன்னொன்று.

பட்டியலம்மா சாவியை எடுத்துக்கொண்டு கிடங்கு அறைக்குப் போனாள். இருபத்து மூன்றின் கட்டைப் பிரித்தாள். தாள் முழுக்கச் சிவப்பு. கணக்கு சரி, விடையும் சரி, விடைக்கு அடியில் கோடு போடவில்லை: அரை மார்க் வெட்டு. ஓரம் மடிக்கவில்லை: அரை மார்க். மழை எப்படிப் பெய்கிறது என்று ஒரு பெண் அருமையாக எழுதியிருந்தாள். கேட்டது மூன்று வரி, நீ எழுதியது ஐந்து என்று அதற்கும் அரை மார்க் போயிருந்தது. ஒவ்வொன்றும் அரைதான். இருபது கேள்வியில் இப்படியே போனால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

அடுத்து எட்டாம் எண் பள்ளியின் கட்டைப் பிரித்தாள். நாலு வருடமாக முதலிடத்தில் இருக்கிற பள்ளி. அதைத் திருத்துகிறவர் ஒன்பதாம் எண் பள்ளியின் நட்சத்திர டீச்சர். அங்கே வேறு உலகம். கூட்டல் தப்பு, ஆனால் 'நல்ல முயற்சி' என்று முக்கால் மார்க். விடையே எழுதாமல் ஒரு பையன் வாத்து வரைந்திருந்தான். வாத்துக்குப் பக்கத்தில் அரை மார்க்கும் ஒரு நட்சத்திரமும் இருந்தன. பட்டியலம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிடங்கு அறையில் தன்னந்தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பாதிக்குப் பிறகு அது சிரிப்பாக இல்லை. பதினோரு வருடமாக மூன்று மூன்று தடவை கூட்டி அவள் ஒட்டியது பிள்ளைகளின் படிப்பை அல்ல, வாத்தியார்களின் குணத்தை. எந்தப் பள்ளிக்கு எந்த வாத்தியார் என்று சங்கிலி போட்டுக் கட்டியதும் அவளேதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே கணவரிடம் சொன்னாள். அவர் மகளின் பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டார்.

"சங்கிலியா தப்பு? அது இல்லேன்னா நமக்குக் கல்யாணமே ஆகியிருக்காதே."

"அதாங்க எனக்கும் கஷ்டமா இருக்கு."

"அப்ப கல்யாணம் ஆன வரைக்கும் சரின்னு வெச்சுக்குவோம். மத்ததைக் கலைச்சுடு."

"கலைக்கணும்னா, தப்பு என்னுதுன்னு எழுதிக் கொடுக்கணும். ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பள்ளிக்கூடத்தை மூடிட்டா அழுவாங்க. எது தேவலை?"

மறுநாள் அதிகாரியின் அறையில் பட்டியல்களையும் அந்த இரண்டு பள்ளிகளின் கட்டுகளையும் விரித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, இரண்டு கட்டுகளையும் அரை மணி நேரம் பார்த்தார். வாத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"நீங்க சொல்றது புரியுது. ஆனா இருபத்து மூணுலதானே உங்க பொண்ணு படிக்கறா?"

அவள் பயந்த கேள்வி அதுதான். ராத்திரி முழுக்க அதற்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"ஆமாங்க சார். அதனாலதான் என்னை நம்பாதீங்கன்னு சொல்ல வந்தேன். இந்த வருஷத் தாளையெல்லாம் திரும்பத் திருத்துங்க. வாத்தியாருங்க எல்லாரையும் ஒரே இடத்துல உக்கார வைங்க. ஒரு மேஜைக்கு ஒரே ஒரு கேள்வி. மாவட்டம் முழுக்க அந்தக் கேள்வியை அந்த மேஜைதான் திருத்தணும். வெட்டுறவர் எல்லாருக்கும் வெட்டட்டும், குடுக்கறவர் எல்லாருக்கும் குடுக்கட்டும். பள்ளிக்கூட எண்ணு மேல காகிதம் ஒட்டிடுங்க. நான் அந்த ஹாலுக்குள்ளயே வரலை, கூட்டறதும் வேற யாராவது கூட்டட்டும்."

"எதுக்காகத் திரும்பத் திருத்தறோம்னு மேல கேப்பாங்களே?"

"சங்கிலியைப் போட்டது நான். பதினோரு வருஷமா அதுல இருந்த தப்பைப் பாக்காததும் நான். எழுதியே கொண்டு வந்திருக்கேன்" என்று ஒரு தாளை நீட்டினாள். கீழே கையெழுத்து இருந்தது. பெற்றோர் வைத்த பெயரில்.

அதிகாரி அதைப் படித்துவிட்டு, "கடுதாசி எழுதறதுல எங்கயும் தப்பு விட மாட்டீங்க போல" என்றார். அடுத்த சனிக்கிழமைக்கு உத்தரவு போட்டார்.

சனிக்கிழமை எட்டாம் எண் பள்ளியின் பெரிய கூடத்தில் இருபது மேஜை போட்டார்கள். மேஜைக்கு இரண்டு பேர். ஒன்றுக்கு மட்டும் மூன்று. சீட்டுக் குலுக்கித்தான் இடம் கொடுத்தார்கள். விதி விளையாடியது. அரை மார்க் சாருக்கும் நட்சத்திர டீச்சருக்கும் ஒரே மேஜை விழுந்தது. பதினாலாம் கேள்வி, மூன்று வரியில் பதில் எழுது. முதல் தாளிலேயே சண்டை ஆரம்பித்தது. "நாலு வரி எழுதியிருக்கான், வெட்டுங்க" என்று சார் சொல்ல, "பாவம், ஆசையா எழுதியிருக்கான், கூடக் குடுக்கணும்" என்று டீச்சர் எதிர்த்துச் சொல்ல, பத்தாவது தாள் வரைக்கும் கூடமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. அதிகாரி வந்து இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான் தாள் நகர்ந்தது.

இதெல்லாம் பட்டியலம்மா கண்ணால் பார்த்ததல்ல. அவள் வெளியே வேப்பமரத்தடியில் ஜீப்பில் கணவரோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்பாள், கணவர் உட்கார வைப்பார். மூன்று தேநீர் குடித்தாயிற்று.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரை மார்க் சார் நேராக ஜீப்பை நோக்கி வந்தார். பட்டியலம்மா இறங்கி நின்றாள்.

"நான் திருத்தினதாலதான் அந்தப் பள்ளிக்கூடத்தை மூடப் போறாங்களாமே, நிஜமா?" என்று கேட்டார்.

"சார்..."

"நான் யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணினதில்லைம்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் திருத்துவேன்."

"நீங்க எல்லாருக்கும் திருத்தலையே சார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் திருத்தினீங்க. அவங்க தலைல உங்களைக் கொண்டுபோய் உக்கார வெச்சது நான். உங்க மேல தப்பு இல்லை."

அவர் கொஞ்ச நேரம் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த டீச்சர் வாத்துக்கெல்லாம் மார்க் போட்டிருக்காங்களாம். அதையும் கவனிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓட்டுநர் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

திங்கட்கிழமை புதுப் பட்டியல் வந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் கூட்டாத பட்டியல். முதல் பள்ளிக்கும் கடைசிப் பள்ளிக்கும் நடுவில் முப்பத்தொரு மார்க்காக இருந்த இடைவெளி பன்னிரண்டாகச் சுருங்கியிருந்தது. எட்டாம் எண் ஆறாவது இடத்தில் இருந்தது. இருபத்து மூன்று பத்தொன்பதாவது இடத்தில். அவள் ஒரு தடவை கீழிருந்து மேலாகக் கூட்டிப் பார்த்தாள். கை சும்மா இருக்குமா?

"கடைசியா முப்பத்தாறு வந்திருக்கு. அது எந்த வாத்தியாரோட வேலை?" என்று அதிகாரி கேட்டார்.

"வாத்தியாரே இல்லாததோட வேலை சார். அங்க அஞ்சு வகுப்புக்கும் ஒரே டீச்சர்தான். முன்னெல்லாம் அது முப்பதாவது முப்பத்தொண்ணாவதுன்னு வந்துக்கிட்டிருந்துச்சு, யாரும் திரும்பிப் பாக்கலை." அதிகாரி உடனே இன்னொரு ஆசிரியர் கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார். அதை அவள் அன்றைக்கே அடித்து, கையெழுத்து வாங்கி, தபாலில் சேர்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

மூடுகிற கோப்பு நின்றுவிட்டது என்று இருபத்து மூன்றாம் எண் பள்ளிக்குச் சொல்ல அவளே போனாள். தலைமை ஆசிரியையைத் தெருவில் பெரிய டீச்சர் என்பார்கள். ஆள் குள்ளம்தான், குரல்தான் பெரிசு. ஐந்தாம் வகுப்பு வாசலில் நிற்க வைத்து, பட்டியலம்மா ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சங்கிலி, அரை மார்க், வாத்து, பத்தொன்பது எல்லாம். டீச்சர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் கேட்டது வேறு.

"அப்ப பசங்க நல்லாத்தான் எழுதியிருக்காங்களா?"

"ஆமாங்க டீச்சர். மூணு வருஷமாவே நல்லாத்தான் எழுதியிருப்பாங்க."

"மூணு வருஷமா நான் அவங்களைத் திட்டாத நாளே கிடையாதும்மா. கடைசி, கடைசின்னு சொல்லிச் சொல்லி விளையாட்டு வகுப்பைக் கூட எடுத்துட்டேன். ரெண்டு செட்டுப் பசங்க அந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டே இங்கேர்ந்து போயிட்டாங்களே." அவர் குரல் முதல் தடவையாகச் சின்னதாகக் கேட்டது.

மன்னிச்சுக்குங்க என்றாள் பட்டியலம்மா. அது யாருக்கும் போதாது என்று அவளுக்கே தெரிந்தது. போன பிள்ளைகளின் பெயர்கள் பழைய தாள்களில் இருக்கின்றன, அவர்கள் வீட்டுக்கெல்லாம் திருத்திய கடிதம் அனுப்ப அதிகாரியிடம் கேட்கிறேன் என்றாள். டீச்சர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனார். உள்ளே இரைச்சல் சட்டென்று நின்றது.

"எல்லாரும் கேளுங்க. நான் உங்களை மக்குன்னு சொன்னேன் இல்ல? அது தப்பு. நீங்க நல்லாத்தான் படிக்கறீங்க. நான்தான் தெரியாம திட்டிட்டேன்."

இதை நம்பலாமா, இதில் ஏதாவது வீட்டுப்பாடம் ஒளிந்திருக்கிறதா என்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் மெதுவாகக் கை தூக்கினாள்.

"டீச்சர், அப்ப எங்க அண்ணனும் மக்கு இல்லையா? அவன் போன வருஷம் இங்கதான் படிச்சான். இன்னிக்குக் காய்ச்சல்னு வீட்டுல இருக்கான்."

"இல்லைம்மா. அவனும் இல்லை."

"நான் போய் அவன்கிட்ட சொல்லிட்டு வரட்டுமா டீச்சர்? வீட்டுல நாங்க எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிடறோம்."

டீச்சர் வாசலில் நின்ற பட்டியலம்மாவைப் பார்த்தார். பிறகு, "போய்ச் சொல்லிட்டு வா" என்றார். அந்தப் பெண் பையைக்கூட எடுக்காமல், பட்டியலம்மாவை இடித்துத் தள்ளிக்கொண்டு, தெருவில் இறங்கி ஓடினாள்.